சாவ் பாவ்லோவில் முதல் மாதம்: பேச்சு, பணம், வீடு, சாப்பாடு – முழுமையான வழிகாட்டி

பிரேசிலின் மிகப்பெரிய நகரத்தில் புதிதாகக் குடியேறுபவர் முதல் மாதத்தில் நீளமாகப் பேச வேண்டிய இடங்கள் குறைவு. கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய இடங்கள்தான் அதிகம். சூப்பர் மார்க்கெட், மருந்துக்கடை, பேக்கரி என எங்கே போனாலும் பணம் வாங்குபவர் அதே நாலைந்து கேள்விகளை, அதே வரிசையில், மூச்சுவிடாமல் கேட்பார். அவை காதில் பிரிந்து விழுந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

"சே-பே-எஃபி நா நோத்தா?" – உங்கள் வரி அடையாள எண்ணை ரசீதில் போடட்டுமா? வேண்டாமென்றால் "நௌங், ஒப்ரிகாடு", பெண்கள் "ஒப்ரிகாடா". சாவ் பாவ்லோ மாநிலம் 2007இல் தொடங்கிய திட்டம் இது. ரசீதில் எண்ணைப் பதிவு செய்தால் வரியில் ஒரு சிறு பங்கு உங்கள் கணக்குக்குத் திரும்பி வரும், குலுக்கலிலும் சேரலாம். "டெபிட்டு ஓ க்ரெஜிட்டு?" – எந்த வகை அட்டை? க்ரெஜிட்டு என்றால் அடுத்து "பார்செலாடு?", அதாவது தவணையாகவா என்பார்கள். செருப்பைக்கூட மூன்று தவணையில் வாங்குவது இங்கே வழக்கம். ஒரே தடவையில் கட்ட "ஆ விஸ்தா". "சகோலா?" – பை வேண்டுமா? "ப்ரா வியாஜெங்?" – பார்சலா? சொல்லின் நேர்ப்பொருள் பயணம் என்பதால், ஊருக்குப் போகிறீர்களா என்று கேட்கிறார் என நினைத்துக் குழம்ப வேண்டாம். கடைசியாக "மாயிஸ் அல்கூமா கோய்ஸா?" – வேறு ஏதாவது? "ஸோ இஸ்ஸு" (அவ்வளவுதான்) என்று முடித்துவிடலாம்.

காதைப் பழக்குதல்

எழுத்தைப் பார்த்துப் படித்தால் ஏமாறுவீர்கள். நான்கு விதிகள் போதும். 'இ' ஒலிக்கு முன் வரும் ட, த ஒலிகள் 'ஜி', 'ச்சி' ஆகும்: காலை வணக்கம் "போங் ஜீயா", பால் "லேய்ச்சி". சொல்லின் தொடக்கத்தில் 'ர' வந்தால் 'ஹ': தெரு "ஹூவா", ஹீயு என்று கேட்டால் ரியோ நகரம். சொல் கடைசியில் வரும் 'ல்' ஒரு 'உ' போலக் கரையும்: "ப்ரஸீவ்". மெய்யில் முடியும் அயல்சொற்களுக்கு ஒரு 'இ' ஒட்டும். இணையம் "இன்டெர்நெச்சி" ஆவது அப்படித்தான்.

மூக்கொலிக்குத்தான் ஆங்கிலம் பேசுபவர்கள் மாதக்கணக்கில் திண்டாடுகிறார்கள். தமிழருக்கு அது வாயிலேயே இருக்கிறது. 'மரம்' என்பதைப் பேச்சில் சொல்லும்போது உதடு மூடாமல் மூக்கில் முடிக்கிறோமே, "போங்" அதே முடிவு. 'வந்தான்' என்பதன் கடைசி 'ன்' நாக்கைத் தொடாமல் மூக்கில் கரைவதுபோல ரொட்டியை "பௌங்" என்று சொல்ல வேண்டும். மூக்கு சேராமல் "பாவ்" என்றால் அது கட்டை, கொச்சையில் ஆணுறுப்பு. பேக்கரியில் இரண்டு பாவ் கேட்பவரைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் கொஞ்சம் பேர்தான். இளநீர் வாங்கும்போது அழுத்தத்தையும் கவனியுங்கள். முதல் அசையில் அழுத்தினால் "கோகு", தேங்காய். கடைசி அசையில் அழுத்தினால் மலம்.

சொற்களிலும் ஒரு கைமுதல் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டு முதல் போர்த்துகீசியர் நம் கரைகளில் விட்டுப்போனவை இவை: மேசை இங்கே "மேஸா", சன்னல் "ஜனேலா", சாவி "ஷாவி", அலமாரி "அர்மாரியு", வராந்தா "வராண்டா", பொத்தான் "போட்டௌங்". யாழ்ப்பாணத்தார்க்கு இன்னும் வசதி. அவர்களின் பாண், குசினி, சப்பாத்து மூன்றும் இங்கே அன்றாடப் பேச்சு. பேனா மட்டும் காலை வாரும். "பேனா" என்றால் இங்கே இறகு, அல்லது பரிதாபம். எழுதும் பேனாவுக்கு "கனேட்டா".

எண், அட்டை, பணம்: இந்த வரிசையில்

முதலில் சி.பி.எஃப். பதினொரு இலக்க வரி எண். அது இல்லாமல் சிம் கார்டு, வங்கிக் கணக்கு, இணையத்தில் பொருள் வாங்குவது எதுவும் நகராது. கிளம்புமுன் பிரேசில் தூதரகம் வழியாகவே எடுத்துக்கொண்டு வருவது நல்லது. தற்காலிக விசாவில் வந்தவர்கள் வந்த 90 நாளுக்குள் மத்தியக் காவல்துறையான 'பொலீசியா ஃபெடராவ்' அலுவலகத்தில் பதிய வேண்டும். இணையத்தில் முன்பதிவு நாள் கிடைக்கவே வாரங்கள் ஆகலாம் என்பதால், வந்த வாரமே தேட ஆரம்பியுங்கள்.

நம் பெயர்தான் இங்கே பெரிய சிக்கல். பிரேசில்காரருக்கு ஒரு பெயரும், தாய் தந்தை வழியாக வரும் குடும்பப் பெயர்களும் உண்டு. இனிஷியல் என்ற ஒன்றையே அவர்கள் அறியார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருந்தால் எல்லாப் படிவத்திலும் அப்படியே, எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். ஓரிடத்தில் விரித்தும் ஓரிடத்தில் சுருக்கியும் எழுதினால், வங்கிச் செயலி சி.பி.எஃப். பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்து விண்ணப்பத்தைத் தள்ளிவிடும், காரணமும் சொல்லாது. "நோமி தா மைங்", அதாவது அம்மாவின் பெயர், எங்கும் கேட்கப்படும் அடையாளக் கேள்வி. அதற்கும் ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பிக்ஸ். பிரேசில் மத்திய வங்கி 2020 நவம்பரில் தொடங்கிய உடனடிப் பணப் பரிமாற்றம். யுபிஐ பழகியவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சி.பி.எஃப்., கைபேசி எண், மின்னஞ்சல், வங்கி தானாக உருவாக்கித் தரும், எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு என்று எது வேண்டுமானாலும் உங்கள் "ஷாவி" ஆகலாம். தெரியாதவர்களுக்குக் கொடுக்க அந்தக் குறியீடே நல்லது. மற்றதெல்லாம் உங்களைப் பற்றிய தகவல். பணம் அனுப்புமுன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். தனியாருக்கு அனுப்பும் தொகைக்கு இரவு 8 முதல் காலை 6 வரை 1,000 ஹெயாய்ஸ் என்ற வரம்பு இயல்பாகவே இருக்கும். கடத்தி மிரட்டிப் பணம் அனுப்ப வைப்பதைத் தடுக்க வந்த ஏற்பாடு. எரிச்சலாக இருந்தாலும் அதை உயர்த்தாதீர்கள்.

நாணயம் "ஹெயாவ்", பன்மையில் "ஹெயாய்ஸ்". எழுதும் முறை நமக்குத் தலைகீழ்: ஆயிரத்துக்குப் புள்ளி, சில்லறைக்குக் காற்புள்ளி. 1.250,50 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பதரை. கைபேசி எண் சொல்லும்போது ஆறு என்பதற்கு "ஸேய்ஸ்" சொல்லாமல் "மேயா" என்பார்கள். மூன்றும் ("த்ரேஸ்") ஆறும் போனில் ஒன்றுபோல் கேட்பதால் வந்த வழக்கம். அரை டஜன் என்பதன் சுருக்கம். இது தெரியாமல் எண்ணைக் குறித்துக்கொள்பவர்கள் ஓர் இலக்கம் விட்டுவிடுவார்கள். கைபேசி எண்ணுக்கு ஒன்பது இலக்கம், முன்னால் நகரக் குறியீடு 11. எழுதியதை எண்ணிப் பாருங்கள்.

வீடு

விளம்பரத்தில் இருக்கும் வாடகை முழு வாடகை அல்ல. "அலுகேவ்" என்பது வாடகை, "கொண்டொமீனியு" அடுக்ககப் பராமரிப்பு, "ஈ-பே-டே-ஊ" நகராட்சிச் சொத்து வரி. மூன்றையும் கூட்டினால்தான் மாதச் செலவு. கேட்க வேண்டிய சொல் "பகோச்சி", மொத்தம். அடுத்த தடை "ஃபியாதோர்": சொந்தமாக வீடு வைத்திருக்கும் ஒருவர் உங்களுக்கு ஜாமீன் நிற்க வேண்டும். புதிதாக வந்தவருக்கு அப்படி யார் கிடைப்பார்? முன்பணம் தருவதாகச் சொல்லுங்கள். 1991ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி பணமாக வாங்கும் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. வாடகைக் காப்பீடு இன்னொரு வழி, ஆனால் அந்தப் பணம் திரும்பாது. குடிபோகும்போது நடக்கும் "விஸ்டோரியா" ஆய்வில் சுவரின் ஒவ்வொரு ஆணித் துளையையும் படம் எடுத்து அறிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள். காலி செய்யும்போது அதைப் பார்த்துத்தான் கழிப்பார்கள்.

குளியலறையில் புதியவரைப் பயமுறுத்துவது தலைக்கு மேலே மின்கம்பி நுழையும் ஷவர். சுவரில் கீசர் இருக்காது. ஷவர் தலைக்குள்ளேயே வெப்பக் கம்பிச் சுருள் இருக்கும். தரைக்கம்பி ஒழுங்காக இணைத்திருந்தால் பயமில்லை. குடிபோகுமுன் அதை மட்டும் ஓர் எலக்ட்ரீஷியனிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதன் பக்கவாட்டில் ஒரு குமிழ்: "வெரௌங்" (கோடை), "இன்வெர்னு" (குளிர்காலம்), "டெஸ்லிகாடு" (அணைப்பு). குமிழைத் தண்ணீர் ஓடும்போது திருப்பக் கூடாது. திருப்பினால் உள்ளே பொறி பறந்து தொடர்புமுனைகள் கருகும். குழாயை மூடி, திருப்பி, மறுபடி திறக்க வேண்டும்.

சூட்டைக் கூட்டுவது குழாயால்தான். கம்பி தரும் வெப்பம் ஒரே அளவு என்பதால், தண்ணீரைக் குறைத்தால் சூடு ஏறும். ரொம்பக் குறைத்தால் அழுத்தம் போதாமல் மின்சாரமே துண்டிக்கப்பட்டு ஜில்லென்று கொட்டும். புதியவர்கள் சூடு போதவில்லை என்று குழாயை முழுதாகத் திறந்து ஜூலை மாதக் குளிரில் நடுங்குவது இந்தக் கணக்குத் தெரியாமல்தான். ஒருநாள் சுத்தமாகச் சூடு வராவிட்டால் கம்பி எரிந்துபோயிருக்கும். "ஹெஸிஸ்டென்ஸியா" என்று கேட்டு, ஷவரின் பெயர், வாட், வோல்ட் மூன்றும் பொருந்த வாங்குங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மாற்றுங்கள்.

நகரத்தின் சாதாரண பிளக்கில் 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஊரிலிருந்து சுமந்து வந்த மிக்ஸி அதில் முனகும், சூடாகும், அரைக்காது. பல வீடுகளில் 220 வோல்ட் பிளக் ஒன்றாவது இருக்கும்; காவலாளியான "போர்ட்டேய்ரு"வைக் கேட்டு, மீட்டர் வைத்தே உறுதி செய்யுங்கள். இல்லையென்றால் மிக்ஸியின் வாட் அளவுக்குக் குறைந்தது இரு மடங்கு திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், மோட்டார் கிளம்பும்போது அவ்வளவு இழுக்கும். பிளக் முள்ளிலும் இரண்டு தடிமன் உண்டு: 10 ஆம்பியருக்கு மெல்லியது, 20 ஆம்பியருக்குத் தடித்தது. தடித்தது மெல்லிய துளையில் நுழையாது. அது வேண்டுமென்றே செய்த பாதுகாப்பு, அடாப்டர் போட்டு ஏமாற்றாதீர்கள்.

இங்கத்திய பிரஷர் குக்கர் விசில் அடிக்காது. மேலுள்ள முள் ஆடிச் சுழன்று, இறக்கும் வரை சீறிக்கொண்டே இருக்கும். மூன்று விசில், ஐந்து விசில் கணக்கெல்லாம் இங்கே செல்லாது. சீறல் தொடங்கியதும் தீயைக் குறைத்து நிமிடம் பாருங்கள். ஊறிய பீன்ஸுக்கு 20 முதல் 25 நிமிடம்.

கழிப்பறையில் காகிதத்தைப் பீங்கானில் போடாமல் பக்கத்திலுள்ள மூடிய குப்பைக்கூடையில் போடுவதே வழக்கம். பழைய கட்டடங்களின் குழாய் தாங்காது. லிஃப்ட் ஏறுமுன், அது உங்கள் தளத்தில்தான் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லும் ஒரு பலகை எல்லாக் கட்டடத்திலும் இருக்கும். அதில் லிஃப்டைக் குறிக்க வரும் 'மெஸ்மு' (அது) என்ற சொல்லை, லிஃப்டில் ஒளிந்திருக்கும் ஆசாமியின் பெயராக்கிக் கிண்டல் செய்வது ஊரறிந்த நகைச்சுவை. பக்கத்து வீட்டாருடன் பேச்சைத் தொடங்க அது போதும்.

பேக்கரியும் மதியச் சாப்பாடும்

"படரீயா" பேக்கரி மட்டுமல்ல. நம் ஊர் டீக்கடையும் டிபன் கடையும் சேர்ந்தது. காலையில் உயர ஸ்டூலில் உட்கார்ந்து "பௌங் நா ஷாப்பா" கேளுங்கள்: சிறு ரொட்டியை நெடுக்காகப் பிளந்து, வெண்ணெய் தடவி, கல்லில் அழுத்திச் சுட்டுத் தருவார்கள். கூடவே "மேஜியா", பாதி காபி பாதி பால். "பிங்காடு" என்றால் பால்தான் அதிகம், காபி ஒரு சொட்டு. அது பெரும்பாலும் பக்கமெல்லாம் வரிவரியாகப் பள்ளம் விழுந்த சிறு கண்ணாடி டம்ளரில் வரும். கை சுடும், விளிம்பைப் பிடியுங்கள். ரொட்டி எடைக்கு விற்பனை, ஒன்று சுமார் 50 கிராம். ஆனால் எண்ணிக்கையில் கேட்டால் போதும். வெந்த பதமும் சொல்லலாம்: வெளுப்பாக "க்ளரீன்யு", சிவந்து "மொரெனீன்யு".

மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை நகரமே "போர் கீலு" கடைகளில் இருக்கும். எடை போட்டு விற்கும் பஃபே. முறை இப்படி:

1. வாசலில் தரும் "கொமாண்டா" சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். தொலைக்காதீர்கள், வெளியே விடும்போது தகராறு வரும்.
2. தட்டில் வேண்டியதை எடுத்துத் தராசில் வையுங்கள். தட்டின் எடை கழிக்கப்பட்டே இருக்கும்.
3. குடிக்க வாங்குவது மேசையில் அதே சீட்டில் ஏறும்.
4. கிளம்பும்போது "காய்ஷா"வில், அதாவது கல்லாவில், பணம் கட்டுங்கள்.

விலைப்பலகை கிலோவுக்கா 100 கிராமுக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மலிவாகத் தெரிவது பெரும்பாலும் 100 கிராம் விலை. இறைச்சிக்கும் சோற்றுக்கும் தர்பூசணிக்கும் ஒரே விலை என்பதால், சோறும் பீன்ஸும் மட்டும் எடுப்பவர் இறைச்சி விலை கொடுத்துவிட்டு வருகிறார். அவர்களுக்கு "ப்ராட்டு ஃபேய்ட்டு" லாபம்: சோறு, பீன்ஸ், ஒரு கறி, சாலட் வைத்த தட்டுச் சாப்பாடு. கறிக்குப் பதில் முட்டை கேட்டால் மாற்றித் தருவார்கள். இந்த ஊரின் தட்டுச் சாப்பாட்டுக்கு வார அட்டவணை உண்டு: திங்கள் பீன்ஸை மாவோடு கிளறிய "விராடு", புதனும் சனியும் கறுப்பு பீன்ஸும் பன்றியும் சேர்ந்த "ஃபெய்ஜுவாடா", வியாழன் பாஸ்தா, வெள்ளி மீன்.

சைவர்களுக்கு எச்சரிக்கை. "கார்னி" என்றால் இங்கே மாட்டிறைச்சிதான் முதலில் மனதில் வரும். கார்னி சாப்பிட மாட்டேன் என்றால் அன்பாகக் கோழி கொண்டுவருவார்கள். "நேங் ஃப்ராங்கு, நேங் பேய்ஷி, நேங் ப்ரெஸுன்ட்டு" (கோழி, மீன், ஹாம் எதுவும் வேண்டாம்) என்று பட்டியல் போட வேண்டும். பீன்ஸ், வதக்கிய கீரை, "ஃபரோஃபா" என்ற வறுத்த மரவள்ளி மாவு மூன்றிலும் பன்றிக்கொழுப்பு இருக்கலாம், "டேங் பேய்க்கொங்?" (பேக்கன் இருக்கா?) என்று ஒவ்வொன்றையும் காட்டிக் கேளுங்கள்.

கையால் சாப்பிடுவது இங்கே அரிது. பீட்சாவைக்கூடக் கத்தி, முள்கரண்டியால் தின்பார்கள்.

பேருந்து

நிறுத்தத்தில் நின்றால் போதாது, கையை நீட்டாவிட்டால் வண்டி நிற்காமல் போய்விடும். முன்வாசலில் ஏறி, "பிலியேச்சி ஊனிக்கு" அட்டையைத் தட்டி, "கட்ராகா" என்ற சுழல்கம்பியைக் கடந்து, நடுவாசல் அல்லது பின்வாசலில் இறங்க வேண்டும். இந்த அட்டையில் ஒரு கட்டணத்துக்கு மூன்று மணி நேரத்துக்குள் நான்கு பேருந்து ஏறலாம். கூட்டத்தில் வழி கேட்க "கோங் லிசென்ஸா". கதவு மூடிவிட்டால் கூச்சப்படாமல் "வாய் டெசேர்!" (இறங்கணும்) என்று கத்துங்கள், ஆளாளுக்குச் சேர்ந்து கத்தி உதவுவார்கள்.

ஆமாம், இல்லை, பார்க்கலாம்

அறிமுகத்தில் ஆணும் பெண்ணும், பெண்ணும் பெண்ணும் கன்னத்தோடு கன்னம் தொட்டுக் காற்றில் முத்தமிடுவார்கள். சாவ் பாவ்லோவில் ஒன்று, ரியோவில் இரண்டு. வேண்டாமென்றால் முதலிலேயே கையை நீட்டிவிடுங்கள், யாரும் தவறாக எடுக்க மாட்டார்கள். வயதானவரை "ஸேவு", "டோனா" சேர்த்துப் பெயர் சொல்வது நம் ஐயா, அம்மா போல. கடைப் பையனை அழைக்க "மோஸு", பெண்ணை "மோஸா".

"போய்ஸ் நௌங்?" என்று கடைக்காரர் கேட்டால் அதில் 'நௌங்' (இல்லை) இருக்கிறதே என்று திரும்பிப் போகாதீர்கள், "சொல்லுங்க, என்ன வேணும்?" என்பதே பொருள். முகத்துக்கு நேரே மறுப்பது இங்கே பழக்கமில்லை. "வோ வேர்" என்றால் பார்க்கிறேன், பெரும்பாலும் நடக்காது. "பாஸா லா எங் காஸா!" நம் "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க"தான். நாளும் நேரமும் சொன்னால்தான் அழைப்பு. அப்படிச் சொன்ன வீட்டு விருந்துக்கு எட்டு மணி என்றால் எட்டரைக்குப் போங்கள். எட்டுக்கே போனால் வீட்டம்மா குளித்துக்கொண்டிருப்பார்.

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாக்கி 'ஓகே' காட்டாதீர்கள், இங்கே அது அசிங்கம். கட்டைவிரலை உயர்த்தினால் போதும்.

கிழமைகள் எண்ணால் ஓடும். ஞாயிறு முதல் நாள் என்ற கணக்கில் திங்கள் "ஸெகுண்டா" (இரண்டாவது), புதன் "க்வார்ட்டா" (நான்காவது). திங்களை ஒன்று என எண்ணினால் சந்திப்புக்கு ஒரு நாள் தாமதமாகப் போய் நிற்பீர்கள். "ஸென்யா" என்பது வங்கியில் வரிசைச் சீட்டு, செயலியில் கடவுச்சொல். "ஹொஜீஸியு" என்றால் ஹோட்டலில் அளவில்லாச் சாப்பாடு. சாலையில் அதே சொல் 1997 முதல் நடைமுறையில் உள்ள வாகனக் கட்டுப்பாடு: எண் பலகையின் கடைசி இலக்கம் 1, 2 என்றால் திங்கள், 3, 4 என்றால் செவ்வாய் என்று வார நாளில் ஒருநாள், காலை 7–10, மாலை 5–8 மணிக்கு நகர மையத்தில் ஓட்டக் கூடாது.

உடம்பும் கைபேசியும்

பொது மருத்துவ அமைப்பான "ஸூஸ்" வெளிநாட்டவருக்கும் இலவசம். முகவரிச் சான்றோடு உங்கள் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் (ஊ-பே-எஸ்ஸி) பதிந்துகொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் 192, காவல் 190, தீயணைப்பு 193. மருந்துக்கடையில் மஞ்சள் பட்டையில் 'ஜி' எழுத்து போட்ட பெட்டி விலை குறைந்த "ஜெனேரிக்கு". ஆன்டிபயாடிக் மருத்துவர் சீட்டில்லாமல் கிடைக்காது.

நடைபாதை ஓரத்தில் கைபேசி பார்ப்பதுதான் இந்த நகரத்தில் நீங்கள் செய்யக்கூடிய பெரிய தவறு. சைக்கிளில் வருபவன் ஓடும் வேகத்திலேயே பறித்துவிடுவான். வழி பார்க்கவோ டாக்ஸி அழைக்கவோ கடைக்குள் நுழைந்துவிடுங்கள். திறந்த நிலையில் பறிபோனால் வங்கிச் செயலிதான் குறி. அரசின் 'செலுலார் ஸெகூரு' செயலியில் முன்பே பதிந்து, நம்பகமான ஒருவரையும் சேர்த்து வைத்திருந்தால், அவர் தன் கைபேசியிலிருந்தே உங்கள் இணைப்பையும் வங்கிச் செயலிகளையும் முடக்கச் சொல்லிவிடலாம்.

தெருச்சந்தை

வாரம் ஒருநாள் உங்கள் பகுதியில் ஏதாவது ஒரு தெருவை அடைத்து "ஃபேய்ரா" கூடும். காலை எட்டுக்குப் போனால் தரம், பகல் ஒரு மணிக்குப் போனால் விலை. அந்தக் கடைசி நேரத்துக்கு "ஷேப்பா" என்று பெயர், கூறு கட்டி அள்ளிக் கொடுப்பார்கள். வெண்டைக்காய் "கியாபு", மரவள்ளி "மன்ஜியோகா", சௌசௌ "ஷுஷு". "ஜிலோ" என்ற சிறு கசப்புக்காய் பாகற்காய் இல்லை, கத்தரி இனம். ஆனால் புளிக்குழம்புக்குப் பொருந்தும். கொத்தமல்லி வாங்கும்போது "ஷேய்ரு வேர்ஜி" என்று கேட்காதீர்கள். இந்த ஊரில் அந்தக் கட்டில் இருப்பது பார்ஸ்லியும் வெங்காயத்தாளும். "கொயென்ட்ரு" என்று கேட்டு, முகர்ந்து பார்த்து வாங்குங்கள். மஞ்சள்தூள் "கூர்குமா", கொண்டைக்கடலை "க்ரௌங் ஜி பீக்கு". இவை மொத்தமாக வேண்டுமென்றால் மத்திய சந்தைக்குப் பக்கத்திலுள்ள தானியக் கடைத்தெரு, "ஸோனா செரெயலிஸ்டா".

மாம்பழம் இங்கே "மங்கா". நம் கரையிலிருந்து போர்த்துகீசியர் எடுத்துப்போன மாங்காய்தான். மாம்பழத்தோடு பால் சேர்த்தால் விஷம் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. மில்க்‌ஷேக் கேட்டால் பாட்டிமார் முகம் சுளிக்கலாம். "கஞ்ஜா" என்று பலகை பார்த்தால் பதற வேண்டாம். அதுவும் நம் கஞ்சிதான், காய்ச்சலுக்கு இங்கேயும் அதையே கொடுக்கிறார்கள். ஆனால் கோழி போடாமல் வைக்க மாட்டார்கள்.